பீரோ கிளம்பிய நாள்

ஞாயிற்றுக்கிழமை வீடு மாறினோம்,
முத்தியால்பேட்டையிலிருந்து குருசுக்குப்பத்துக்கு.
பாய் போனது, பக்கெட் போனது,
குக்கர் விசில் ஊதாமல் போனது,
மீன்தொட்டி அம்மா மடியில் உட்கார்ந்து
தளும்பித் தளும்பி ஆட்டோவில் போனது.
பீரோ மட்டும் போகவில்லை.

வரமாட்டேன் என்று அது சொல்லவில்லை.
சும்மா நின்றது.
சும்மா நிற்பதில்
எங்கள் தெருவில் அதை ஜெயிக்க ஆளில்லை.

தனகோட்டி அண்ணன் சட்டையைக் கழற்றினார்.
அந்துவான் மாமா கைலியை மடித்துக் கட்டினார்.
"தள்ளு!" என்றார் இந்தப் பக்கம் இவர்.
"தள்ளு!" என்றார் அந்தப் பக்கம் அவர்.
பீரோ நல்ல உயரம்.
நடுவில் அது நின்றதால்
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.
நரம்பு புடைத்தது, நெற்றி வழிந்தது,
பீரோ லேசாக முனகியது.
நகரவில்லை, ஒரு நூல்கூட.

ஓரமாய் நின்ற எனக்குத்தான்
இரண்டு பேரும் தெரிந்தார்கள்.
கிழக்கே ஒரு தள்ளு, மேற்கே ஒரு தள்ளு.
இதற்கும் அதற்கும் சரியாய்ப் போச்சு!
பீரோ பாடு ஜாலி.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தினேன்:
"மாமா, நீங்க இழுங்க!"
மாமா இழுத்தார், அண்ணன் தள்ளினார்,
இப்போது இரண்டு பலமும் ஒரே திசை.
க்ரீ...ச்!
கால் சாண் வந்தது பீரோ.
ஆனால் தரை விடவில்லை.
நாலு காலையும் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு
கீறு கீறென்று கீறல் வாங்கியது.
மாடிவீட்டு ஜெயசுதா அக்கா
பழைய கம்பளியை எடுத்து வந்து
காலுக்கடியில் செருகினாள்.
அப்புறம் பாருங்கள்,
சர்ர்ரென்று வாசல் வரைக்கும் வழுக்கல்!

பீரோ நின்ற இடத்தில் ஒரு தூசிக் கட்டம்.
அதற்குள் ஒரு ரூபாய்,
ஒற்றைக் கொலுசு மணி,
போன வருஷம் தொலைந்த பச்சைக் கோலி.
மறித்து நின்ற பீரோ கால் போய்விட்டதா,
கோலி மெல்ல உருளத் தொடங்கியது.
யார் தள்ளியது?
நானில்லை. லியோனும் இல்லை.
தரை அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு.
அடியிலிருந்து பூமி இழுக்கிறது,
கையே இல்லாமல்.

மூன்று சக்கர வண்டியில் ஏற்றினோம்.
சக்கரம் கிடைத்ததும் பீரோ பரம சாது.
என் தம்பி லியோன் பின்னால் கை வைத்து
"நான்தான் தள்றேன், நான்தான் தள்றேன்" என்று
தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான்.
வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது
அவன் சத்தம் நின்றது.
எல்லாரும் தோள் கொடுத்தோம்.
இறங்கும்போது தலைகீழ்!
வண்டி தானாகவே ஓடப் பார்த்தது.
தள்ள வந்த நாங்கள்
பின்னால் தொங்கி இழுத்துப் பிடித்தோம்.
ஓடவைக்கப் பலம் வேண்டும்.
ஓடுவதை நிறுத்தவும் வேண்டும்.

புது வீட்டு வாசலில்
எங்களைப் பார்த்ததும் கதவு படாரென்று மூடியது.
கோபமெல்லாம் இல்லை,
கடல்காற்று தள்ளியது, அவ்வளவுதான்.
இழு, திருப்பு, இன்னும் கொஞ்சம்,
ஐயோ என் கட்டைவிரல்!
மூலைக்குப் போய்ச் சேர்ந்தது பீரோ.
மறுபடியும் சும்மா நின்றது.

"காலிப் பீரோ இப்படியா கனக்கும்?"
மாமாவுக்கு மூச்சு வாங்கியது.
அம்மா சாவியைத் திருகினாள்.
அந்தக் கதவுக்கு ஒரு குணம்:
முதலில் உள்ளே ஒரு தள்ளு,
பிறகுதான் வெளியே ஓர் இழு.
திறந்தது.

கீழ்த்தட்டில்,
சங்கராபரணி ஆற்றில் பொறுக்கிய கூழாங்கற்கள்,
இரண்டு பை நிறைய.

எல்லாரும் லியோனைப் பார்த்தோம்.
"மறந்து விட்டுட்டு வந்துடுவீங்கன்னு..."
வாக்கியம் முடியவில்லை,
கடற்கரைப் பக்கம் எடுத்தான் ஓட்டம்.
அவனை யாரும் தள்ளவில்லை, இழுக்கவில்லை.
அவன் கால்தான்
மணலைப் பின்னால் பின்னால் தள்ளியது,
அவன் முன்னால் முன்னால் போனான்.